டி.எஸ்.எச் 142, மாத்திரை தொடங்கி 12 நாள்: இந்த வாரங்களை எப்படித் தள்ளுவது?

கேட்டவர் நெல்லிக்குப்பத்துக்காரர். வயது 34, எடை 64 கிலோ, இரண்டு பிள்ளைகள். கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. ஆறேழு மாதமாக முகம் வீக்கம், குரல் கட்டிப்போனது, மலச்சிக்கல், உச்சிவெயிலிலும் குளிர். பரிசோதனையில் தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைவு என்று தெரிந்தது; அதைக் காட்டும் டி.எஸ்.எச் என்ற ரத்த எண் 142. டாக்டர் அந்தக் குறையை ஈடுகட்டும் ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் 100 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்து 12 நாள் ஆகிறது. "ஒரு மாற்றமும் தெரியலைக்கா. மாடிப்படி ஏறினா உட்கார்ந்துடறேன். மாமியார் சோம்பேறித்தனம்னு சொல்றாங்க. மருந்து கேட்கலையா? ரெண்டா போட்டுக்கலாமா? இது வேலை செய்யற வரைக்கும் எப்படித்தான் நாளைத் தள்றது?"

முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில் பதில்: மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, இரண்டாகப் போடாதீர்கள். மூன்றாவதுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும்.

நான் புதுச்சேரியில் 27 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் சர்க்கரையும் தைராய்டுமாக வரும் புறநோயாளிப் பிரிவில். 2004ல் இரண்டாவது பிள்ளை பிறந்த பத்தாம் மாதம் எனக்கே வந்தது. என் ரிப்போர்ட்டில் எண்கூட இல்லை, "100க்கு மேல்" என்று மட்டும் அச்சாகியிருந்தது. அதற்கு மேல் அந்த மெஷினுக்கு எண்ணத் தெரியாது. ஆகவே மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

காய்ச்சல் மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை காட்டும். தைராக்ஸின் அந்த ஜாதி கிடையாது. ரத்தத்தில் ஏறிய தைராக்ஸினில் பாதி குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். உங்களைப்போல தைராய்டு அடியோடு படுத்தவர்களுக்கு 9, 10 நாள்கூட ஆகும். இவ்வளவு மெதுவாக இறங்கும் பொருள் ஏறுவதும் அதே மெதுவில்தான். இன்று போட்ட மாத்திரை நேற்றைய மிச்சத்தின் மேல் சேரும், நாளையது இதன் மேல் சேரும். தினம் ஒரு குடம் ஊற்றித் தொட்டி நிரப்புகிற கணக்கு. 12ஆம் நாளில் உங்கள் தொட்டி பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அது நிலைக்கு வர ஐந்தாறு வாரம் வேண்டும். டாக்டர் 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொன்னது இதனால்தான். அதற்குமுன் டெஸ்ட் எடுத்தால் நிரம்பாத தொட்டியை அளந்து, ஊற்றியது போதவில்லை என்று முடிவு கட்டுவோம்.

142 என்ற எண்ணைப் பார்த்து அரண்டிருப்பீர்கள். இயல்பு ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். ஆனால் இது நேர்க்கணக்கு இல்லை. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச் பல மடங்கு எகிறும். 142காரர் 71காரரைவிட இரண்டு மடங்கு நோயாளி என்று அர்த்தமில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "வேலையைப் பாரு, வேலையைப் பாரு" என்று விரட்டும் குரல்தான் டி.எஸ்.எச். மாதக்கணக்காகக் கத்திப் பழகிய மேஸ்திரி, ஆள் வந்துவிட்டது தெரிந்ததும் அந்த நிமிடமே தொண்டையைத் தணிப்பாரா? முதலில் டி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராக்ஸின் அளவு, சரியாகும், டி.எஸ்.எச் பின்னால் மெல்ல இறங்கும். எட்டாவது வாரம் எண் 20 என்று வந்தால், "இன்னும் இயல்புக்கு வரலையே" என்று அழாதீர்கள். எங்கிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் எடைக்கு 100 என்பது ஏறத்தாழ முழு டோஸ். ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பெரியவர்களுக்கான பொதுக்கணக்கு. உங்கள் வயதும் இதயமும் தாங்கும் என்று பார்த்துத்தான் டாக்டர் நேராக இதில் தொடங்கியிருக்கிறார். இதே 142 உங்கள் மாமியாருக்கு வந்திருந்தால் 25 அல்லது அதற்கும் கீழே தொடங்கி, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். மந்தமாக ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வரலாம், துடிப்பு தாறுமாறாகலாம். இரண்டாகப் போடாதீர்கள் என்றதும் அதனால்தான். பக்கத்து வீட்டு அம்மா 25தான் போடுகிறாள், எனக்கு மட்டும் ஏன் 100 என்ற ஒப்பீடும் வேண்டாம்.

இப்போது, இந்த வாரங்களில் உங்கள் கையில் இருக்கிற ஒரே காரியம்: மாத்திரை குடலுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். மற்றதையெல்லாம் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் 30 நிமிடமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், எதுவும் கூடாது. இந்த "எதுவும்" என்பதில் காபியும் உண்டு என்பதுதான் நம் ஊரில் யாருக்கும் ஏறுவதில்லை. "காபிதானே சிஸ்டர், சாப்பாடா என்ன?" இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. காபி தைராக்ஸினை உறிஞ்ச விடாது, பாலில் இருக்கும் கால்சியமும் தடுக்கும். மணி பார்க்கும் வேலையே இல்லாமல் நான் ஒரு வழி வைத்திருந்தேன். எழுந்து பல் தேய்த்ததும் மாத்திரை. பிறகு பால் பாக்கெட் எடுத்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை எழுப்பிவிட்டுத்தான் காபி. முக்கால் மணி நேரம் தானாக ஓடிவிடும். இன்னொன்று, தினசரி காலண்டர். மாத்திரை விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது. இந்த நோயில் மறதி மோசமாக இருக்கும், போட்டோமா இல்லையா என்று எட்டு மணிக்குக் குழப்பம் வரும். சுவரைப் பார்த்தால் போதும். வீட்டில் வேறு யாரும் தாளில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

காலை ஒத்துவராதவர்கள் இரவில் போடலாம், ஆனால் கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எங்களிடம் வந்த பரங்கிப்பேட்டை அம்மா ஒருவர் நோன்பு மாதத்தில் மட்டும் டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்வார், எண் ஆடியதில்லை. எந்த நேரம் என்பதைவிட ஒரே நேரம் என்பது முக்கியம்.

இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், அல்சருக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து, இவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இது நான் பட்டு அறிந்தது. பிரசவத்துக்குப் பின் கொடுத்த கால்சியத்தையும் தைராக்ஸினையும் "எல்லாம் ஒரே மூச்சில் முடியட்டும்" என்று ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து எண் அசையவே இல்லை. டோஸ் ஏற்றத் தயாரான டாக்டர் கடைசியாக, "வேற என்னம்மா போடற?" என்று கேட்டார். வார்டில் நானே நூறு பேருக்குச் சொன்ன விஷயம். வெட்கமாக இருந்தது. உங்களுக்கு மாதவிடாய் அதிகம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இந்த நோயின் வேலைதான். இரும்பு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள். மலச்சிக்கலுக்கு இசப்கோல் கலக்கிக் குடித்தால் அதுவும் ராத்திரிதான்.

புட்டியைச் சமையலறையில் வைக்காதீர்கள். நம் கடலோர ஈரக்காற்றும் அடுப்புச் சூடும் இந்த மாத்திரைக்கு ஆகாது. ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், மூடியை இறுக்கி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஒரே கம்பெனி மாத்திரையாகத் தொடருங்கள். தைரோநார்மோ, எல்ட்ராக்ஸினோ, தைராக்ஸோ எதுவானாலும் சரி. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் கவனியுங்கள். முக்கியமாக 100க்குப் பதில் 50 வந்திருக்கிறதா என்று எழுத்தைப் படியுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். அன்றைக்கே நினைவு வந்து வயிறு காலியாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுநாள் வழக்கம்போல். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம், எங்கள் தெரு மெடிக்கலின் ஷட்டர் பிய்ந்து கிடந்தது. நாலு நாள் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு ஓர் அம்மா அழுதுகொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக ஏறுவது மெதுவாகத்தான் இறங்கும், அந்த மந்தம் அன்றைக்குக் கைகொடுத்தது. ஆனால் அவர் பல வருடம் மாத்திரை போட்டுத் தொட்டி நிரம்பியவர். உங்களுக்கு இன்னும் நிரம்பவில்லை. ஐப்பசி பிறந்தால் ஒரு மாத ஸ்டாக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எது எப்போது மாறும்? முதலில் தெரிவது பெரும்பாலும் சிறுநீர். இரண்டு, மூன்றாவது வாரத்தில் ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்கும், காலையில் கண்ணிமை வீக்கம் குறைந்திருக்கும். உடம்பில் கட்டியிருந்த உப்பும் தண்ணீரும் போகிறது. மோதிரம் சுழலும். எடை இரண்டு மூன்று கிலோ குறையலாம், அத்தோடு நிற்கும். ஏறிய எடை மொத்தமும் தைராய்டால்தான் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து குளிர் குறையும், வயிறு இளகும், குரல் திரும்பும். குரலை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். போனில் பேசும் உங்கள் அம்மாதான் "இன்னிக்கு குரல் தெளிவா இருக்கே" என்பார். மந்தபுத்தி, மனச்சோர்வு, சதைவலி இதெல்லாம் இன்னும் பிந்தும், சிலருக்கு மாதங்கள். கடைசி, முடி.

முடியைப் பற்றிப் பயமுறுத்தாமல் சொல்வது கடினம். மருந்து தொடங்கிய பிறகு கொஞ்ச நாள் அதிகமாகவே கொட்டலாம். முடி உதிர்வது என்பது இரண்டு மூன்று மாதத்துக்கு முன் அந்த வேர் ஓய்வுக்குப் போனதன் விளைவு, புது முடி தள்ளும்போது பழையது விழுகிறது. இந்தக் கட்டத்தில்தான் ஆளாளுக்குப் பயோடின் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். அது முடிக்கு என்ன செய்யுமோ, உங்கள் டெஸ்டைக் கெடுத்துவிடும். பல லேப் மெஷின்களில் பயோடின் இருந்தால் டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும், டோஸ் அதிகமாகிவிட்டது என்று குறைத்துவிடுவார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளுக்கு முன்பாவது நிறுத்துங்கள்.

இன்னொரு தப்பு, தண்ணீர். மலச்சிக்கல் என்றதும் "நாலு லிட்டர் குடி" என்பார்கள். தைராய்டு இவ்வளவு குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தால் உபரித் தண்ணீரைச் சரியாக வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடிக்காதீர்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, சாயங்காலம் மெதுவாக ஒரு நடை. அது போதவில்லையென்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு ஆகாது என்று பட்டியல் வந்திருக்கும். வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. அயோடின் கிடைக்காத ஊரில் மரவள்ளியே மூன்று வேளைச் சாப்பாடு என்றால்தான் அது கவலை. கடல் மீனும் அயோடின் உப்பும் இருக்கிற கடலூரில், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால்தான் இந்த நோய் வருகிறது. 1912ல் இதை முதலில் விவரித்து எழுதிய ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோவின் பெயரில்தான் இந்த நோயைச் சொல்கிறார்கள். ஆகவே அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று கூடுதலாகப் போடுவதில் பயனில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகும்.

இனி வேலையும் வீடும். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்பது இப்போது உங்களால் ஆகாது, ஆகவேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்நாட்டில் 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். கடை கடலூரில் இருப்பதால் உங்களுக்கு அது பொருந்தும். சட்டத்தை நீட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி, ஆறு வாரத்துக்கு பில்லிங்கிலோ மடிப்பு வேலையிலோ உட்கார வைக்கக் கேளுங்கள். தேதி குறிப்பிட்டுக் கேட்டால் முதலாளிகள் இளகுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டியை இந்த மாதம் வீட்டிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள். கண் சொருகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில், கணவரிடம் "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றால் ஒன்றும் நடக்காது. இரண்டு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: தண்ணீர் தூக்குவது உங்களுடையது, சின்னவனை ஸ்கூலில் விடுவது உங்களுடையது. உங்களுக்குத் தெம்பு இருக்கிற நேரம் எது என்று நாலு நாள் கவனியுங்கள். எனக்குக் காலை ஒன்பது முதல் பதினொன்று. சமையல், கணக்கு, பேங்க் எல்லாம் அதற்குள். மத்தியானம் படுத்துவிடுவேன், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கொஞ்சம் தெம்பு வந்த நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்து அடுத்த மூன்று நாள் படுப்பது எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன், ஒரு தீபாவளிக்கு முன்னால்.

மாமியாருக்கு டி.எஸ்.எச் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிப் போங்கள். நாம் பத்து முறை சொன்னது ஏறாது, டாக்டர் ஒருமுறை "இவங்களுக்கு உடம்புல கரண்டே கம்மியா இருக்கும்மா" என்றால் ஏறும். மனம் இருண்டு, வாழ்ந்து என்ன என்கிற அளவுக்குப் போனால், தைராய்டு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் அதை டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

ராத்திரி கை மரத்துப்போவது மணிக்கட்டில் வீக்கம் நரம்பை அழுத்துவதால். கையை மடக்காமல் நேராக வைத்துத் தூங்குங்கள், பெரும்பாலும் மருந்திலேயே போய்விடும். கொலஸ்ட்ரால் கூடியிருப்பதாகச் சொன்னீர்கள், அதுவும் தைராய்டோடு சேர்ந்து இறங்கும். தைராய்டு குறைந்திருக்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரைகளால் சதைவலி வரும் வாய்ப்பு அதிகம், அதனால் தைராய்டு டாக்டரைக் கேட்காமல் வேறு இடத்தில் வாங்கித் தொடங்காதீர்கள். தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து இரண்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் உடம்பு இப்போது அவற்றை மெதுவாகத்தான் கழிக்கும், மூச்சு மந்தப்படும். குழந்தை தங்கினால் தெரிந்த அன்றே டாக்டரிடம் போங்கள். டோஸ் கால்வாசிக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. தைராய்டு சீராகும்போது நின்றுபோன கருமுட்டை திரும்ப வரத் தொடங்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எது வந்தால் உடனே ஓட வேண்டும் என்பதைக் கணவர் படிக்கட்டும். கூப்பிட்டால் சரியாக விழிக்காமல் மயக்கமாகவே கிடப்பது, பேச்சு குழறிக் குழம்புவது, உடம்பு சில்லிட்டுப்போவது, மூச்சு மெலிவது. பெரும்பாலும் காய்ச்சல், நிமோனியா, சிறுநீர்த் தொற்று மாதிரி ஏதாவது ஒன்றின் பின்னால் இது வரும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. 108ஐக் கூப்பிட்டு, அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக "தைராய்டு ரொம்பக் குறைவு, டி.எஸ்.எச் 142, மாத்திரை இப்பத்தான் தொடங்கினாங்க" என்று சொல்லுங்கள். மின்விசிறிக்கு அடியில் போடாமல் போர்த்திக் கூட்டிப் போங்கள். நெஞ்சுவலி, படபடப்பு நிற்காமல் இருப்பது, இவற்றுக்கும் அன்றைக்கே டாக்டர். மாத்திரை தொடங்கியபின் தெம்பு வருவதற்குப் பதில் வாந்தியும் தலைசுற்றலும் ரத்த அழுத்தக் குறைவும் கூடிக்கொண்டே போனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து பழுதாகியிருக்கலாம். அதற்கு வேறு மருந்து முதலில் கொடுக்க வேண்டும். தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள்.

1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற டாக்டர் இதே நோய் முற்றிய ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பின் 28 வருடம் வாழ்ந்தார். நம் கையில் இருப்பது அளந்து செய்த மாத்திரை. எனக்கு இது 20 வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த டெஸ்டுக்குப் போகிற காலையில் மட்டும் மாத்திரையை வீட்டில் போடாமல் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு டி4 சற்றுக் கூடுதலாகக் காட்டும். ரத்தம் கொடுத்துவிட்டு, லேபிலேயே தண்ணீர் வாங்கி விழுங்குங்கள். காபிக்கு அன்றைக்கும் அரைமணி பொறுக்கத்தான் வேண்டும்.